எந்தச் சாப்பாடு, எந்தத் தண்ணீர்? உணவு நஞ்சானதற்கான மூலம் ஏன் எளிதில் அகப்படுவதில்லை

பாடசாலையில் மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகள் சத்தியும் வயிற்றோட்டமுமாக வைத்தியசாலையில். கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தவர்கள் மறுநாள் சுகவீனம். விசேஷ வீடொன்றில் கைநனைத்தவர்கள் வரிசையாக வார்டில். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியின் எந்த மூலையிலிருந்து இப்படியொரு செய்தி வந்தாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: "காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை, விசாரணைகள் தொடர்கின்றன." அப்புறம் அந்தச் செய்தியையே காணோம்.

அதற்குப் பிறகு கதைகள் கிளம்புகின்றன. சமைத்தவரின் பெயர் அடிபடுகிறது. சந்தியில் கொத்துரொட்டி போடுகிறவரின் கடை வெறிச்சோடுகிறது. கிணற்றில் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்கிறது ஒரு கதை, அதிகாரிகள் எதையோ மறைக்கிறார்கள் என்கிறது இன்னொன்று. இரண்டாவதை நம்ப இங்கே ஆட்கள் அதிகம். உண்மைகள் மறைக்கப்பட்ட காலங்களுக்குள்ளால் வந்த சனம் இது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உணவு நஞ்சாதல் விடயத்தில் "மூலம் தெரியவில்லை" என்பது பல தடவை உண்மையாகவே தெரியாத நிலைதான். அது ஏன், அந்த நிலையிலும் மக்களுக்கு எவற்றைச் சொல்லலாம், எவற்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது உணவு நஞ்சாதல்?

கிருமியோ, கிருமி உண்டாக்கிய நஞ்சோ, இரசாயனமோ, இயற்கையிலேயே நச்சுத்தன்மை உள்ள பொருளோ உணவு அல்லது தண்ணீர் வழியாக உடலுக்குள் போய் நோயை உண்டாக்கினால் அது உணவு நஞ்சாதல். ஒவ்வாமை வேறு. அது குறிப்பிட்ட ஓர் ஆளின் உடல் ஒரு பொருளை ஏற்க மறுப்பது. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே மத்தியானத்தில் ஒவ்வாமை வராது. ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே மாதிரியான நோய் வந்தால் சுகாதாரத் துறை அதை ஒரு பரவலாக எடுத்துக்கொண்டு விசாரிக்கும்.

இலங்கையில் இது சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். பார்க்கும் வைத்தியர் ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் களத்துக்குப் போவார். நடைமுறையில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது. வயிற்றுவலி என்று பாமசியில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர் யாருடைய கணக்கிலும் இல்லை. வைத்தியசாலையில் இருபது பேர் என்றால் ஊரில் அதைவிடக் கூடுதலானவர்கள் பாதிக்கப்பட்டிருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சாப்பிட்டதைப் பிடித்துக்கொள்ளும் பிழை

வயிற்றைக் கலக்கியதும் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் நினைக்கிறார்கள். பல சந்தர்ப்பங்களில் அது நிரபராதி. கிருமியோ நஞ்சோ உள்ளே போனதிலிருந்து முதல் அறிகுறி தெரியும்வரை உள்ள காலத்தை நோயரும்பு காலம் என்பார்கள். விசாரணையில் கையில் கிடைக்கும் முதல் தடயம் இதுதான். பொதுவாகக் காணப்படும் அளவுகள் இவை:

1. சில நிமிடங்களிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம்: முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்தால் மீனைச் சந்தேகிக்க வேண்டும். சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. பூச்சிநாசினி போன்ற இரசாயனங்களும் விரைவாகவே வேலையைக் காட்டும்.

2. அரை மணியிலிருந்து எட்டு மணி நேரம்: சத்திதான் முன்னுக்கு நிற்கும். ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாவின் நஞ்சு இந்த வகை. சமைப்பவரின் கைப்புண், மூக்கு, தோல் ஆகியவற்றிலிருந்து உணவுக்குள் போகிறது. ஆறிய சோற்றில் பெருகும் பசிலஸ் சீரியஸ் பற்றீரியாவின் சத்தி நஞ்சுக்கும் கிட்டத்தட்ட இதே நேரம்.

3. ஆறிலிருந்து இருபத்துநான்கு மணி நேரம்: வயிற்றுப் பிடிப்பும் வயிற்றோட்டமும், சத்தி குறைவு, காய்ச்சல் பெரும்பாலும் இல்லை. குளொஸ்ட்ரிடியம் பேர்பிரின்ஜன்ஸ். பெரிய பாத்திரத்தில் சமைத்த இறைச்சிக் கறிகளின் வழமையான கிருமி.

4. பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம்: நோரோவைரஸ். உணவில் தொடங்கினாலும் பிறகு ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றும். சாப்பாட்டைக் கண்ணாலும் காணாத தம்பிக்கும் தங்கைக்கும் வருவது இதனால்தான்.

5. ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாட்கள்: சல்மொனெல்லா. காய்ச்சலும் சேர்ந்து வரும். கம்பைலோபக்டருக்கு இரண்டிலிருந்து ஐந்து நாள். சில ஈ.கோலி வகைகளுக்கு மூன்று நான்கு நாள் செல்லும்.

6. வாரக் கணக்கு: நெருப்புக்காய்ச்சலுக்கு 6 முதல் 30 நாட்கள். செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரசுக்கு 15 முதல் 50 நாட்கள்.

ஆறாவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு முன் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போனபோது வழியில் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டால் யாரால் சரியாகச் சொல்ல முடியும்? 2009 இல் செட்டிக்குளம் முகாம்களில் ஹெபடைடிஸ் ஏ பரவியது. அந்த நெருக்கடியில், அத்தனை ஆயிரம் பேர் ஒரே தண்ணீரையும் ஒரே மலசலகூடங்களையும் நம்பியிருந்த இடத்தில், இன்ன நாள் இன்ன குவளைத் தண்ணீர் என்று எவரும் சுட்டிக்காட்டியிருக்க முடியாது.

ஒரு கிடாரம் கோழிக்கறிக்குள் நடப்பது

"நன்றாகக் கொதிக்க வைத்த கறிதானே, அதில் எப்படி?" என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் வருகிறது. நியாயமான கேள்வி.

இருநூறு பேருக்குச் சமையல் என்று வைத்துக்கொள்வோம். விடியப் பரபரப்பாக இருக்கும் என்று இரவே கோழிக்கறியை இறக்கிவிடுகிறார்கள். கிடாரம் மண் தரையில் இருக்கிறது, மேலே தட்டம், பூனை நாய் வராமல் தட்டத்தின் மேல் ஒரு கல். ஓரத்தில் தொட்டுப் பார்த்தால் ஆறிவிட்டது போல இருக்கும். ஆனால் ஒரு கிடாரம் நிறைந்த தடித்த குழம்பு நடுவிலே மணிக்கணக்காகச் சூடு பிடித்துக்கொண்டிருக்கும். பேர்பிரின்ஜன்ஸ் பற்றீரியாவுக்கு வித்திகள் உண்டு, அவை கொதிநிலையைத் தாங்கி உயிரோடு இருக்கும். குழம்பின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அவை விழித்துக்கொள்கின்றன. 43 முதல் 45 பாகை வரையான சூட்டில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கின்றன. அப்படிப் பார்த்தால் ஒரு பற்றீரியா மூன்று மணி நேரத்தில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். மூடி இறுக்கமாக இருப்பதும் இதற்கு வசதி, ஏனென்றால் இது காற்றில்லாமல் வளரும் கிருமி. மணம் மாறாது. நிறமும் ருசியும் மாறாது.

காலையில் அந்தக் கறியை நடுவரை கொதிக்கும்படி மறுபடி காய்ச்சினால் இந்தப் பற்றீரியா பெரும்பாலும் செத்துவிடும். பந்திக்கு நேரமாகிவிட்டதென்று இலேசாகச் சூடுகாட்டி இறக்கினால் அது கோப்பைக்கு வரும்.

ஸ்டபிலோகொக்கஸ், பசிலஸ் சீரியஸ் விடயத்தில் மறுபடி காய்ச்சியும் பயனில்லை. பற்றீரியா சாகும், அது ஏற்கெனவே உணவுக்குள் விட்டுவைத்த நஞ்சு அப்படியே இருக்கும். பசிலஸ் சீரியசின் சத்தி நஞ்சு 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. மத்தியானம் மிஞ்சிய சோற்றை வெளியில் வைத்துவிட்டு இரவில் பொரித்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். வன்னி வெயிலில், குளிரூட்டி இல்லாத சமையலறையில், 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட ஆபத்தான வெப்பநிலையில் உணவு கிடக்கும் நேரத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும் என்பது எளிய விதி.

கிருமி இல்லாத நஞ்சுகளும் நம் ஊரில் உண்டு. மரவள்ளிக் கிழங்கோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சயனைட்டை வெளியிடும் பொருள் அந்தக் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. கைப்பான கிழங்கைச் சரியாகத் தோலுரிக்காமல், மூடாமல் திறந்து அவித்துத் தண்ணீரை வடிக்காமல் சாப்பிட்டால் இஞ்சி கிட்டவே வராவிட்டாலும் ஆபத்துத்தான். பேத்தை மீனின் நஞ்சும் சமைத்தால் போகாது. விவசாயப் பகுதியில் இன்னொரு பயமும் நியாயமானது. 2013 ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் பாடசாலை மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மொனோகுரொட்டபொஸ் என்ற பூச்சிநாசினி கலந்திருந்தது. வயலுக்கு அடித்த மருந்துக் கானைக் கழுவி வைத்து மறுபடி பாவிக்கும் வீடுகள் இங்கே இன்னமும் இருக்கின்றன. அந்தக் கான்கள் சமையலறைப் பக்கமே வரக்கூடாது.

விசாரணையின் கணக்கு

விசாரணை என்றால் மாதிரியை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூலத்தைப் பிடிப்பது பெரும்பாலும் கேள்விகளும் கணக்கும்தான். புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம்.

ஒரு சாமத்திய வீடு. வெள்ளிக்கிழமை. ஒரு பந்தியில் மரக்கறிச் சாப்பாடு, மற்றதில் மச்சம். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு, இரவு எட்டு மணியிலிருந்து ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஊரே ஐஸ்கிரீம் வானைக் கைகாட்டுகிறது, ஏனென்றால் வெளியிலிருந்து வந்தது அது ஒன்றுதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து 120 பேரை விசாரிக்கிறார். அவர்களில் 48 பேர் சுகவீனம்.

முதலில் யாரைச் சுகவீனமானவராகக் கணக்கெடுப்பது என்று ஒரு வரையறை வேண்டும். "அந்த வீட்டில் அன்று மத்தியானம் சாப்பிட்டு, 72 மணி நேரத்துக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை வயிற்றால் போனவர்" என்பது போல. இந்த வரையறை இல்லாவிட்டால், பயத்தில் குமட்டியவரும் பழைய வயிற்றுப்புண்காரரும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

அடுத்து, சுகமாக இருப்பவர்களையும் விசாரிக்க வேண்டும். "எனக்கொன்றும் இல்லையே, என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்று பலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களுடைய பதில் இல்லாமல் கணக்கே போட முடியாது. பாருங்கள்:

1. சோறு: 118 பேர் சாப்பிட்டார்கள், 48 பேரும் அதற்குள்தான். சாப்பிடாதவர்கள் இரண்டே பேர். எல்லோரும் சாப்பிட்ட ஒன்றை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது.

2. கத்தரிக்காய்க் கறி: சாப்பிட்ட 100 பேரில் 40 பேர் சுகவீனம், அதாவது 40 சதவீதம். சாப்பிடாத 20 பேரில் 8 பேர், அதுவும் 40 சதவீதம். வித்தியாசமே இல்லை, கத்தரிக்காயை விட்டுவிடலாம்.

3. ஐஸ்கிரீம்: சாப்பிட்ட 80 பேரில் 38 பேர், 47.5 சதவீதம். சாப்பிடாத 40 பேரில் 10 பேர், 25 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஊர் சொன்னது சரிதானோ என்று தோன்றும்.

4. கோழிக்கறி: சாப்பிட்ட 60 பேரில் 42 பேர், 70 சதவீதம். சாப்பிடாத 60 பேரில் 6 பேர், 10 சதவீதம். ஏழு மடங்கு.

இப்போது ஐஸ்கிரீமைத் திரும்பப் பார்ப்போம். கோழி சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்தால், அவர்களில் ஐஸ்கிரீமும் சாப்பிட்ட 50 பேரில் 35 பேர் சுகவீனம். ஐஸ்கிரீம் சாப்பிடாத 10 பேரில் 7 பேர். இரண்டும் 70 சதவீதம். கோழி சாப்பிடாதவர்களில் ஐஸ்கிரீம் சாப்பிட்ட 30 பேரில் 3 பேர், சாப்பிடாத 30 பேரில் 3 பேர். இரண்டும் 10 சதவீதம். ஐஸ்கிரீமுக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கோழிக்கறிப் பந்தியில் இருந்த இளசுகளும் பிள்ளைகளும்தான் ஐஸ்கிரீம் வானையும் சூழ்ந்து நின்றார்கள், விரதம் பிடித்த பெரியவர்களில் பாதிப் பேர் போகவில்லை. அதனால்தான் அது குற்றவாளி போலத் தெரிந்தது. இந்தக் கடைசிக் கணக்கைப் போடாமல் விட்டிருந்தால் ஒரு மனிதரின் பிழைப்பு போயிருக்கும்.

கோழி சாப்பிட்டும் 18 பேர் தப்பியது எப்படி? கிடாரத்தின் மேற்பகுதிக் கறி கிடைத்திருக்கலாம், கொஞ்சமாகச் சாப்பிட்டிருக்கலாம், உடம்பு தாங்கியிருக்கலாம். கோழியே சாப்பிடாத 6 பேருக்கு எப்படி வந்தது? ஒரே அகப்பை மரக்கறிக்குள்ளும் போயிருக்கலாம், அல்லது அது வேறு வருத்தம். "நானும் அதைத்தானே சாப்பிட்டேன், எனக்கொன்றும் வரவில்லை" என்ற வாதம் எந்த உணவையும் விடுவிக்காது. நோய் தொடங்கிய நேரத்தின் நடுப்புள்ளி ஏறத்தாழப் பதினொரு மணி நேரம், காய்ச்சல் இல்லை, வயிற்றுப் பிடிப்பு அதிகம். ஆய்வுகூட முடிவு வருவதற்கு முன்னமே பேர்பிரின்ஜன்சை நோக்கி இவை விரல் நீட்டுகின்றன.

ஆய்வுகூடம் கைவிடும் இடங்கள்

கணக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உறுதிப்படுத்த ஆய்வுகூடம் வேண்டும். அங்கே பல வழிகளில் தடயம் அழிகிறது.

1. உணவு மிஞ்சுவதில்லை. முதல் நோயாளி வைத்தியசாலைக்குப் போகும்போதே கிடாரம் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று. மிச்சம் மாட்டுக்கும் நாய்க்கும் போயாயிற்று. பயத்தில் அவசரமாகக் கொட்டிப் புதைப்பவர்களும் உண்டு.

2. நோயாளியின் மல மாதிரியை நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்த பிறகு எடுத்தால் கிருமி வளராது. அதற்கு முன் எடுக்க வேண்டும். சனம் நிறைந்த ஒரு பிரதேச வைத்தியசாலையில், இரவில், சேலைன் ஏற்றவே ஆள் போதாத நேரத்தில் இதை நினைவில் வைத்திருப்பது இலகுவல்ல.

3. தூரம். சில பரிசோதனைகளுக்குக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்வரை போக வேண்டும். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். மாதிரி வழி முழுக்கக் குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் கரைந்தால் கிடைக்கும் விடையும் சந்தேகத்துக்குரியது.

4. தேடியது மட்டுமே அகப்படும். சல்மொனெல்லாவைத் தேடும் பரிசோதனையில் நோரோவைரஸ் தெரியாது. பற்றீரியா செத்து நஞ்சு மட்டும் மிஞ்சிய உணவில் பற்றீரியாவை வளர்த்துப் பார்த்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். அந்த முடிவு உணவு சுத்தமானது என்று சொல்வதாகாது.

5. ஆட்கள் சொல்லத் தயங்குகிறார்கள். சமைத்த அக்காவைக் காட்டிக்கொடுக்க மனமில்லை, விருந்து வைத்த வீட்டுக்கு மானக்கேடு. கைப்புண் இருந்ததா என்று கேட்டால் சமையற்காரர் கையை ஒளிக்கிறார். கேட்பவர் தண்டனையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உண்மை வராது.

இது வன்னியின் குறை மட்டுமல்ல. வசதிகள் நிறைந்த அமெரிக்காவில் 2009 முதல் 2015 வரை பதிவான 5,760 உணவுவழிப் பரவல்களில் எந்த உணவு என்று சொல்லப்பட்டவை 42 சதவீதம்தான். பாதிக்கு மேல் உணவு எதுவென்றே தெரியாமல் முடிந்துபோயின.

தண்ணீர் என்றால் வரைபடம் மாறும்

எத்தனை பேர் எந்த நேரத்தில் நோய்ப்பட்டார்கள் என்று வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். ஒரே சாப்பாடு என்றால் கோடு சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும், எல்லாம் ஓரிரு நாளில் முடியும். கிணறோ குழாய்த் தண்ணீரோ என்றால் இறங்காமல் நாட்கணக்காக நீளும், ஏனென்றால் சனம் அதைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றினால் அலை அலையாக வரும்.

மாரியில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீருக்குள் மூழ்கும் குடியிருப்புகள் இங்கே பல. வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் போட வேண்டும். போட்டு அரை மணி நேரத்தின் பின்னும் தண்ணீரில் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருந்தால்தான் போட்ட அளவு போதுமானது. குளோரின் மணத்துக்காக அந்தத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு மூடாத அயல் கிணற்றுக்குப் போவது ஆபத்தை வலிய வாங்குவது. அந்த நாட்களில் கொதிக்க வைத்த தண்ணீர்தான் பிள்ளைகளுக்கு.

ஜேர்மனியில் வெள்ளரிக்காய்க்கு நேர்ந்தது

அவசரமாகப் பெயர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஒரு பாடம். அந்த ஆண்டு மே மாதத்தில் வட ஜேர்மனியில் ஈ.கோலியின் மோசமான ஒரு வகை பரவியது. ஏறத்தாழ நான்காயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள், ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மே 26 அன்று ஹம்பேர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் காய்களில் ஈ.கோலி இருந்தது உண்மைதான், ஆனால் நோயாளிகளிடம் இருந்த வகை அதுவல்ல என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஐரோப்பா முழுக்க மரக்கறி விற்பனை விழுந்தது, ரஷ்யா இறக்குமதியையே நிறுத்தியது, விவசாயிகள் விளைச்சலைக் குப்பையில் கொட்டினார்கள். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ நட்டஈடு ஒதுக்க வேண்டி வந்தது.

ஜூன் 10 அன்று அறிவிக்கப்பட்ட உண்மையான மூலம் முளைகட்டிய வித்துகள். பின்னர் அது எகிப்திலிருந்து வந்த வெந்தயம்வரை தடம் காணப்பட்டது. ஏன் தாமதம்? நோயாளிகளிடம் கேட்டபோது முளை சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் கால்வாசிப் பேர்தான். சலாட்டின் மேல் அலங்காரமாகத் தூவியதை யார் நினைவில் வைத்திருப்பார்? ஆகவே விசாரித்தவர்கள் வழியை மாற்றினார்கள். ஓர் உணவகத்தில் சாப்பிட்ட குழுக்கள் என்ன கேட்டு வாங்கினார்கள் என்று பற்றுச்சீட்டுகளிலும் படங்களிலும் பார்த்து, ஒவ்வொரு உணவிலும் என்ன போட்டீர்கள் என்று சமையற்காரரிடம் கேட்டார்கள். முளை சாப்பிட்டவர்கள் நோய்ப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 8.6 மடங்கு. சந்தேகத்துக்குள்ளான வித்துகளைப் பரிசோதித்தபோது அந்தப் பற்றீரியா கடைசிவரை அகப்படவில்லை. நேர்காணலும் விநியோகப் பதிவேடுகளும்தான் வழக்கை முடித்தன.

இங்கே ஒரு பாடசாலைச் சமையலறைக்கோ உணவகத்துக்கோ இது நேரடியாகப் பொருந்தும். அரிசி எந்தக் கடை, முட்டை யாரிடம், தேங்காயெண்ணெய் எந்தப் போத்தல், கறி எத்தனை மணிக்கு இறக்கியது என்று ஒரு கொப்பியில் நாளுக்கு நான்கு வரி எழுதி வைத்தால், பிரச்சினை வரும் நாளில் ஆய்வுகூடத்தைவிட அது விரைவாகப் பேசும். பெரிய சமையல் எதிலும் ஒவ்வொரு உணவிலும் ஒரு சிறு அளவைச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் போட்டு, குளிரூட்டியில் மூன்று நாள் வைத்திருக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம் பாடசாலைகளிலும் அன்னதான மடங்களிலும் இது கட்டாயமாக வேண்டும் என்றே நான் சொல்வேன்.

தெரியாத நிலையிலும் சொல்லக்கூடியவை

மூலம் தெரியாது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். தெரியாது என்ற ஒற்றைச் சொல்லோடு கதவை மூடுவதை ஏற்க முடியாது. முதல் நாளிலேயே அதிகாரிகளுக்குப் பல விடயங்கள் தெரிந்திருக்கும். கடையொன்றின் பெயரை ஆதாரமில்லாமல் சொல்ல அவர்களால் முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பின்வருவனவற்றை எவருடைய பெயரும் கெடாமல் சொல்லலாம்:

1. எத்தனை பேர், எந்த வயதினர், முதலாமவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் எப்போது தொடங்கியது, புதிதாக இன்னமும் வருகிறார்களா.

2. எந்த வேளை உணவு அல்லது எந்தத் தண்ணீர் விசாரிக்கப்படுகிறது, எது விலக்கப்பட்டுவிட்டது. விலக்கப்பட்டதைச் சொல்வது மிக முக்கியம். அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்டவர் அதனால்தான் மீள்வார்.

3. என்ன மாதிரிகள் எடுக்கப்பட்டன, எங்கே அனுப்பப்பட்டன, எந்தக் கிழமை முடிவு வரும்.

4. முடிவு வந்தபின், "மூலம் உறுதியாகவில்லை" என்பதாக இருந்தாலும், அதுவும் ஏன் உறுதியாகவில்லை என்ற காரணமும்.

நான்காவதுதான் இங்கே நடப்பதே இல்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இனந்தெரியாத காய்ச்சலால் ஆட்கள் இறந்தபோது பெரும் பீதி கிளம்பியது. மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டு அது எலிக்காய்ச்சல் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் வயலுக்குள் இறங்குபவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சுக்கே இடம் வந்தது. உணவு நஞ்சான பிள்ளைகளின் தாய்மாருக்கும் அதே தகவல் உரிமை உண்டு.

உணவுச் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம். அதன்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுக்கலாம், பாவனைக்கு உதவாததைக் கைப்பற்றலாம், வழக்கை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நோயின் மூலத்தைத் தேடும் விசாரணையும் தண்டனைக்கான விசாரணையும் ஒரே மூச்சில் நடந்தால் முன்னையது கெட்டுவிடும். முதல் இரண்டு நாளும் கேள்வி "யார்?" என்பதாக இருக்கக்கூடாது, "என்ன, எப்போது?" என்பதாக இருக்க வேண்டும். ஊராரும் அப்படியே.

நோய் வந்த வீட்டில்

1. ஜீவனிப் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சத்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. மிஞ்சியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

2. வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையையோ நுண்ணுயிர்கொல்லி மருந்தையோ சொந்தமாக வாங்கிப் போட வேண்டாம்.

3. மலத்தில் இரத்தம், குடிக்க முடியாத நிலை, சிறுநீர் போகாமை, கண் குழிதல், மயக்கம் இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு. வாயில் நீர் வடிந்து, வியர்த்து, கண்மணி சுருங்கி, மூச்சு முட்டினால் பூச்சிநாசினியாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

4. மிஞ்சிய உணவைச் சாப்பிடவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம். மூடிக் குளிரில் வைத்துவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். ரின் மீன், பால்மா, பைக்கற் என்றால் வெற்றுறையையும் எறிய வேண்டாம், அதிலுள்ள தொகுதி இலக்கமும் திகதியும் தேவைப்படும்.

5. நோயாளி கடந்த மூன்று நாளில் என்ன சாப்பிட்டார், எங்கே, எத்தனை மணிக்கு, கூடச் சாப்பிட்டவர்களில் யாருக்கு ஒன்றும் வரவில்லை, முதல் சத்தி எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நினைவு மங்குவதற்குள், அயலில் பேசி எல்லோருடைய கதையும் ஒன்றாகிவிடுவதற்குள் எழுதிவிட வேண்டும்.